சார்லஸ் சிட்டி கவுண்டியின் வரலாற்றுக் கட்டடங்கள்

சார்லஸ் சிட்டி கவுண்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள ஒரு நாட்டுப்புறப் பகுதியாகும். கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள உள்ளாட்சிப் பிரிவு. பெயரில் "சிட்டி" என்று இருந்தாலும் இங்கு நகரம் எதுவும் இல்லை. நகராட்சித் தகுதி பெற்ற ஒரு சிற்றூர்கூட இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 6,773 பேர் வாழ்ந்தனர். நிலப்பரப்பு ஏறத்தாழ 470 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி வயலும் காடும் சதுப்பு நிலமுமே.

இச்சிறிய பகுதியில் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கல் மாளிகைகளும், மரவீடுகளும், தேவாலயங்களும், ஒரு பழைய நீதிமன்றமும், உள்நாட்டுப் போர்க்கால மண்கோட்டை ஒன்றும் எஞ்சியுள்ளன. இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் அமெரிக்க அரசின் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. இவை அருங்காட்சியகத் துறையொன்றால் திட்டமிட்டுக் காக்கப்பட்டவை அல்ல என்பதே இவற்றின் சிறப்பு. பெரும்பாலானவை தனியார் உடைமையாக, மக்கள் குடியிருக்கும் வீடுகளாக, உழவு நடக்கும் நிலங்களின் நடுவே தங்கிவிட்டவை. இதன் மறுபக்கமும் உண்டு. தொடர்ந்து பேணுவதற்குப் பொருளும் உரிமையும் கொண்ட ஒருவர் இல்லாத கட்டடங்கள், குறிப்பாக அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் குடியிருப்புகள், ஏறக்குறைய முழுமையாக மறைந்துவிட்டன.

பெயரும் பின்னணியும்

வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர் 1619இல் தம் குடியேற்றத்தை நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு, பின்னாளில் முதலாம் சார்லஸ் என்னும் பெயரில் இங்கிலாந்தின் மன்னரான இளவரசர் சார்லசின் பெயர் இடப்பட்டது. அங்கு நகரம் ஒன்று உருவாகும் என்ற எதிர்பார்ப்பு பெயரில் மட்டும் நிலைத்துவிட்டது. 1634இல் வர்ஜீனியா எட்டு ஆட்சிப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டபோது சார்லஸ் சிட்டியும் அவற்றில் ஒன்றாயிற்று. தொடக்கத்தில் ஆற்றின் இருகரைகளிலும் பரந்திருந்த இப்பிரிவு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கரை தனிக் கவுண்டியாகப் பிரிந்த பின்னர் வடகரையளவில் சுருங்கியது.

ஆங்கிலேயர் வருமுன் இந்நிலம் அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது. அவர்களுள் சிக்கஹோமினி இனத்தவரின் வழித்தோன்றல்கள் இன்றும் இக்கவுண்டியில் வாழ்கின்றனர். அவர்களை ஒரு பழங்குடி இனமாக நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது 2018இல்தான். கவுண்டியின் வடக்கிலும் கிழக்கிலும் எல்லையாக ஓடும் ஆறும் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

குடியேறியவர்களின் பணப்பயிர் புகையிலை. ஜேம்ஸ் ஆறு ஆழமும் அகலமும் கொண்டது. ரிச்மண்ட் நகரின் அருகே அருவிப் பாறைகளை எட்டும்வரை கடலின் ஏற்றவற்றம் அதில் உணரப்படும். எனவே கடற்கப்பல்கள் பெருந்தோட்ட உரிமையாளரின் சொந்தத் துறைக்கே வந்து புகையிலையை ஏற்றிக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பொருள்களை இறக்கிச் சென்றன. வணிகத்துக்கு நடுவே ஒரு துறைமுக நகரம் தேவைப்படவில்லை. நகரம் எழாமைக்கு இதுவே முதற்காரணம். இங்குள்ள மாளிகைகளின் முதன்மை முகம் ஆற்றை நோக்கி இருப்பதும் இதனால்தான். இன்று சாலைவழியே வரும் பார்வையாளர் பெரும்பாலும் வீட்டின் நிலப்பக்க வாயிலையே முதலில் காண்கிறார். ஆற்றங்கரைக்கு நடந்துசென்று திரும்பிப் பார்த்தால்தான் கட்டியவர் மனத்தில் இருந்த தோற்றம் புலப்படும்.

ஆற்றோரச் செங்கல் மாளிகைகள்

மாளிகைகளுள் பெயர்பெற்றவை ஷெர்லி, பெர்க்லி, வெஸ்டோவர் என்னும் மூன்றுமாகும். மூன்றும் ஜார்ஜியன் பாணி எனப்படும் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டடக்கலை மரபைச் சேர்ந்தவை. நடுவில் வாயில், இருபுறமும் ஒத்த எண்ணிக்கையில் பலகணிகள், செங்குத்தான கூரை, உயர்ந்த புகைபோக்கிகள் என்னும் சமச்சீர் அமைப்பே இப்பாணியின் அடையாளம்.

இவற்றின் சுவர்களைச் சற்று உற்றுநோக்குவது பயனுள்ளது. ஒரே வரிசையில் ஒரு செங்கல்லின் நீளமுகமும் அடுத்த செங்கல்லின் தலைமுகமும் மாறிமாறி வெளியே தெரியும்படி அடுக்கப்பட்டிருக்கும். இதைப் பிளெமிஷ் கட்டு என்பர். தலைமுகமாக வைக்கப்பட்ட கல் சுவரின் உள்ளடுக்கினுள் நீண்டு செல்வதால் இரண்டு அடுக்குகளும் ஒன்றோடொன்று பிணைகின்றன. அழகும் உறுதியும் ஒருசேரக் கிடைக்கும் முறை இது. அக்காலத்தில் செங்கற்கள் பெரும்பாலும் கட்டுமிடத்திலேயே மண்ணெடுத்து அறுத்துச் சூளையிடப்பட்டன. சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்பு, ஆற்றுமுகத்தில் ஏராளமாகக் கிடைத்த சிப்பி ஓடுகளைச் சுட்டுப் பெறப்பட்டது. மண்ணைப் பிசைந்தவர்களிலும் சூளைக்கு விறகு சுமந்தவர்களிலும் சுவர் எழுப்பியவர்களிலும் பலர் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கரும் அவர்தம் மக்களும் ஆவர். கட்டடங்களைப் பற்றிய பழைய நூல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அவர்களின் பெயர் அரிதாகவே இருக்கும்.

ஷெர்லி

ஷெர்லி பெருந்தோட்டத்தின் தொடக்கம் 1613 வரை பின்னோக்கிச் செல்கிறது. ஹில் குடும்பத்தினர் 1638இல் இங்கு வேளாண்மையைத் தொடங்கினர். திருமண உறவால் இந்நிலம் கார்ட்டர் குடும்பத்துக்கு வந்தது. அதே வழியினர் கையிலேயே இன்றும் உள்ளது. வட அமெரிக்காவில் தொடர்ந்து நடந்துவரும் மிகப் பழைய குடும்பத் தொழில் இதுவே என அவர்கள் கூறுவர். இப்போதுள்ள பெரிய வீடு 1723இல் தொடங்கப்பட்டு 1738இல் முடிக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவராக விளங்கிய ராபர்ட் லீயின் தாயார் ஆன் ஹில் கார்ட்டர் இவ்வீட்டில் பிறந்தவர்.

வீட்டினுள் காணவேண்டியது அதன் மாடிப்படி. கீழிருந்து தாங்கும் தூணோ கண்ணுக்குப் புலப்படும் வேறு தாங்கலோ இல்லாமல் அது மூன்று தளங்களுக்கு மேலேறுகிறது. கூரை உச்சியில் மரத்தால் செதுக்கிய அன்னாசிப்பழ வடிவம் ஒன்று உள்ளது. அக்கால வர்ஜீனியாவில் இது விருந்தோம்பலின் குறியீடு.

எனினும் ஷெர்லியின் அரிய செல்வம் வீட்டைவிட அதன் முன்றில்தான் எனலாம். முற்றத்தின் இருபுறமும் இரண்டு மாடிச் சமையற்கட்டும் சலவைக்கூடமும், அவற்றையடுத்து கோணவடிவில் கட்டப்பட்ட களஞ்சியங்களும் செங்கல்லால் ஆனவை. ஒரு களஞ்சியத்தின் அடியில் குளிர்காலப் பனிக்கட்டியைக் கோடைவரை சேமித்துவைக்கும் நிலவறை உள்ளது. பிற இடங்களில் பெரிய வீடு மட்டும் எஞ்ச, அதை இயக்கிய துணைக்கட்டடங்கள் அழிந்துவிட்டன. இங்கு அவை நின்றதற்குச் செங்கல்லே காரணம்.

பெர்க்லி

பெர்க்லியின் பக்கவாயிலுக்கு மேலே ஒரு கல் பதிக்கப்பட்டுள்ளது. அதில் 1726 என்னும் ஆண்டும், வீட்டைக் கட்டிய நான்காம் பெஞ்சமின் ஹாரிசன், அவர் மனைவி ஆன் ஆகியோரின் முதலெழுத்துகளும் உள்ளன. இவர்களின் மகன் ஐந்தாம் பெஞ்சமின் ஹாரிசன் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். அவருடைய மகன் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1773இல் இங்கு பிறந்து, 1841இல் நாட்டின் 9ஆவது குடியரசுத் தலைவராகி, பதவியேற்ற ஒரு மாதத்தில் இறந்தார். அவர் பேரன் மற்றொரு பெஞ்சமின் ஹாரிசன் 23ஆவது குடியரசுத் தலைவர்.

வீடு கட்டப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே இவ்விடம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. 1619 டிசம்பர் 4 அன்று மார்கரெட் என்னும் கப்பலில் வந்திறங்கிய குடியேறிகள் இங்கு நன்றி வழிபாடு நடத்தினர். வந்திறங்கிய நாளை ஆண்டுதோறும் நன்றிநாளாகக் கொள்ளவேண்டும் என்பது அவர்களை அனுப்பிய நிறுவனத்தின் கட்டளை. அமெரிக்காவின் நன்றியறிதல் நாள் பிளிமத்தில் 1621இல் நடந்த விருந்தில் தொடங்கியது என்பது பொதுவழக்கு; வர்ஜீனியர்கள் இதை ஏற்பதில்லை. 1622இல் பழங்குடியினர் தொடுத்த தாக்குதலுக்குப் பின் அக்குடியிருப்பு கைவிடப்பட்டது.

1862 கோடையில் வடமாநிலப் படைத்தலைவர் மெக்கிளெல்லன், ரிச்மண்டைக் கைப்பற்ற இயலாமல் பின்வாங்கி, தம் பெரும்படையுடன் இங்கு பாசறை அமைத்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் வீரர் இந்நிலத்தில் தங்கியிருந்தனர். வீடு மருத்துவமனையாயிற்று. ஜூலை 8 அன்று ஆபிரகாம் லிங்கன் படையைப் பார்வையிட இங்கு வந்தார். அம்மாதத்திலேயே டேனியல் பட்டர்ஃபீல்டு என்னும் தளபதி, "டேப்ஸ்" எனப்படும் ஊதுகொம்பு இசையை இங்கு வடிவமைத்தார். அமெரிக்கப் படைவீரர்களின் இறுதிச் சடங்குகளில் இன்றும் ஒலிப்பது அதுவே.

போருக்குப் பின்னர் பெர்க்லி சீரழிந்தது. 1907இல் அதை வாங்கிய ஜான் ஜேமிசன், சிறுவயதில் வடமாநிலப் படையில் முரசடிப்பவராக இருந்தவர். அவர் மகன் மால்கம் ஜேமிசன் பல ஆண்டுகள் உழைத்து வீட்டையும் தோட்டத்தையும் மீட்டெடுத்தார். ஒரு கட்டடம் எந்த நூலிழையில் தப்பிப் பிழைக்கிறது என்பதற்குப் பெர்க்லி நல்ல சான்று. அதை வாங்கியவர் மரத்தை வெட்டி விற்றுவிட்டு நகர்ந்திருந்தால் இன்று ஆண்டு பொறித்த கல்கூட எஞ்சியிருக்காது.

வெஸ்டோவர்

வெஸ்டோவர் மூன்றிலும் நேர்த்தி மிக்கது என்பது கட்டடக்கலையாளர் பலரின் கருத்து. அதன் ஆற்றுமுக வாயில், இங்கிலாந்திலிருந்து வந்த போர்ட்லண்ட் கல்லால் ஆனது. வளைந்து நடுவில் பிளவுபட்ட மேல்முகட்டைக் கொண்ட அவ்வாயில், 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா முழுவதும் வீடுகளிலும் வங்கிகளிலும் படியெடுக்கப்பட்டது. வாயிற்கதவுத் தூண்களின் மீது பறவை உருவங்கள் நிற்கின்றன. உரிமையாளர் குடும்பத்தின் பெயராகிய "பேர்டு" ஆங்கிலத்தில் பறவை என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதை வைத்துச் செய்த சொல்விளையாட்டு இது.

இவ்வீட்டை ரிச்மண்ட் நகரைத் தோற்றுவித்த இரண்டாம் வில்லியம் பேர்டு, சுமார் 1730இல் கட்டினார் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. மரவளைய ஆய்வு இதை மாற்றிவிட்டது. மரம் ஆண்டுக்கொரு வளையம் வளர்கிறது. மழைமிக்க ஆண்டின் வளையம் அகலமாகவும் வறண்ட ஆண்டினது குறுகலாகவும் இருக்கும். ஒரே வட்டாரத்து மரங்களில் இவ்வரிசை பெரிதும் ஒத்திருப்பதால், ஆண்டு அறியப்பட்ட மாதிரிகளைக் கோத்து ஒரு நெடுங்கால அட்டவணை உருவாக்கப்படுகிறது. வீட்டின் உத்தரத்தில் மெல்லிய துளையிட்டெடுத்த மாதிரியை அதனோடு ஒப்பிட்டால், பட்டையை ஒட்டிய கடைசி வளையத்தைக் கொண்டு மரம் வெட்டப்பட்ட ஆண்டு தெரிந்துவிடும். வெஸ்டோவரின் மரங்கள் சுமார் 1750ஐக் காட்டுகின்றன. தந்தை பேர்டு 1744இல் இறந்துவிட்டார். ஆகவே வீட்டைக் கட்டியவர் மகன் மூன்றாம் வில்லியம் பேர்டு எனக் கொள்ளவேண்டியுள்ளது. எனினும் தோட்டத்திலுள்ள கல்லறை தந்தையுடையது. பழைய நூல்களில் வீட்டின் பெருமையும் அவருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

1781 ஜனவரியில், அமெரிக்கப் படையைவிட்டுப் பிரித்தானியர் பக்கம் சேர்ந்த பெனடிக்ட் அர்னால்டு இங்குதான் தம் படையை இறக்கி ரிச்மண்டைத் தாக்கச் சென்றார். உள்நாட்டுப் போரின்போது வீட்டின் கிழக்குத் துணைக்கட்டடம் எரிந்தது. இன்றுள்ள கிழக்குச் சிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீளக் கட்டப்பட்டது.

மரத்தால் ஆன நெடிய வீடு

ஷெர்வுட் ஃபாரஸ்ட், 10ஆவது குடியரசுத் தலைவர் ஜான் டைலரின் வீடு. டைலர் 1790இல் இதே கவுண்டியில் கிரீன்வே என்னும் மரவீட்டில் பிறந்தவர், அவ்வீடும் இன்றுள்ளது. வில்லியம் ஹென்றி ஹாரிசன் இறந்ததால் பதவிக்கு வந்தவர் இவர். அடுத்தடுத்த இரு குடியரசுத் தலைவர்கள் ஒரே நாட்டுப்புறக் கவுண்டியில் பிறந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தம் கட்சியால் 1841இல் வெளியேற்றப்பட்ட டைலர், 1842இல் இவ்வீட்டை வாங்கியபின், தம்மைச் சட்டத்துக்குப் புறம்பானவராகக் கருதி, ராபின் ஹூட் கதையில் வரும் காட்டின் பெயரை இதற்கு இட்டார்.

வீடு 90 மீட்டருக்கும் மேல் நீளமானது. ஆழமோ ஓர் அறையளவே. தனித்தனியாக நின்ற துணைக்கட்டடங்களை மூடிய நடைவழிகளால் இணைத்ததன் விளைவே இந்நீளம். 21 மீட்டர் நீளமுள்ள நடனக்கூடம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஆடுவோர் இரு நெடிய வரிசைகளாக எதிரெதிரே நிற்கும் வர்ஜீனிய நடனத்துக்கு அந்த வடிவம் பொருத்தமானது. அமெரிக்காவிலுள்ள மரச்சட்டக வீடுகளில் மிக நீளமானது இது எனச் சொல்லப்படுகிறது.

டைலருக்கு 63 வயதானபோது பிறந்த மகன் லயன் டைலர். அவருக்கு 75 வயதானபோது, 1928இல் பிறந்தவர் ஹாரிசன் ரஃபின் டைலர். ஜார்ஜ் வாஷிங்டன் ஆட்சிக்காலத்தில் பிறந்த ஒருவரின் பேரன், 2025 மே மாதம் வரை உயிர்வாழ்ந்தார். வேதிப்பொறியாளரான இவரே 1970களில் ஷெர்வுட் ஃபாரஸ்டைப் புதுப்பித்தவர்.

இவர் காத்த மற்றோர் இடம் இன்னும் கருதத்தக்கது. வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில், ஆற்றங்கரையில் போக்கஹாண்டஸ் கோட்டை என்னும் மண்மேட்டு அரண் உள்ளது. 1864இல் வடமாநிலப் படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் கட்டி நின்ற கோட்டை அது. அவ்வீரர்களில் பலர் முன்னர் அடிமைகளாக இருந்தவர்கள். மே 24 அன்று ஃபிட்ஸ்ஹியூ லீ தலைமையில் வந்த தென்மாநிலக் குதிரைப்படை, எண்ணிக்கையில் மிகுந்திருந்தும், அவர்களை வெல்ல முடியாமல் திரும்பியது. போருக்குப் பின் மேட்டின் மீது காடு மண்டியது. உழப்படாததால் அதன் வடிவம் கரையவில்லை. 1996இல் ஹாரிசன் டைலர் அந்நிலத்தை வாங்கிப் பாதுகாத்தார். அவருடைய பாட்டனார் ஜான் டைலரோ பிரிந்துபோன தென்மாநிலங்களின் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1862இல் இறந்தவர்.

சிறிய கட்டடங்கள்

மாளிகைகளைப் பார்க்க வருவோர் தவறவிடுபவை பல. பைனி குரோவ் என்னுமிடத்தில் சுமார் 1800ஐச் சேர்ந்த ஒரு மரக்கட்டைக் கட்டடம் உள்ளது. மக்காச்சோளக் குதிராகத் தொடங்கி, பலசரக்குக் கடையாகி, பின்னர் வீடாக விரிந்தது அது. ஆற்றுமுகச் சமவெளியில் இவ்வகைக் கட்டைக் கட்டடம் எஞ்சுவது அரிது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு புதுப்பயனைக் கண்டதாலேயே அது இடிபடாமல் நின்றது.

கவுண்டியின் பழைய நீதிமன்றம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய செங்கல் கட்டடம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணிக்கே பயன்பட்டது. கட்டடம் தப்பியது, அதிலிருந்த ஆவணங்கள் தப்பவில்லை. உள்நாட்டுப் போரில் படைகள் அவற்றைச் சூறையாடிச் சிதறடித்தன. நிலப்பத்திரம், உயில், விடுதலைப்பத்திரம் ஆகியவற்றில் பெரும்பகுதி இல்லாததால், இங்கு வாழ்ந்த எளிய மக்களின் வரலாற்றைத் தொடுப்பது கடினமாகிவிட்டது. பெரிய குடும்பங்களுக்கோ சொந்தக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் உண்டு.

ஈலம் பாப்டிஸ்ட் தேவாலயம், விடுதலைபெற்ற கறுப்பின மக்களால் 1810இல் அமைக்கப்பட்ட சபை. இக்கவுண்டியில் அடிமைமுறை நிலவிய காலத்திலேயே சுதந்திரமான கறுப்பின மக்கள் கணிசமாக இருந்தனர் என்பதற்கு இது சான்று. இப்போதுள்ள கட்டடம் பிற்காலத்தது. சபை தொடர்ந்து நடக்கிறது. இக்கவுண்டியில் சுமார் 1780இல் அடிமையாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தால் விடுதலைபெற்று, 1821இல் ஆப்பிரிக்காவுக்குச் சமயப்பணிக்குச் சென்ற லாட் கேரியின் பிறப்பிடமும் தேசியப் பதிவேட்டில் உள்ளது.

எவ்லிண்டன் என்னும் வீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பார்ப்பதற்கு 18ஆம் நூற்றாண்டு மாளிகை போலிருப்பினும் அது 1930களில் டங்கன் லீ என்னும் கட்டடக்கலைஞர் பழைய செங்கற்களைக் கொண்டு கட்டியது. முன்பிருந்த வீடு உள்நாட்டுப் போரில் அழிந்தது.

காக்கும் சட்டங்களும் அவற்றின் எல்லையும்

தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடம் இடம்பெற்றால் அதை இடிக்க முடியாது என்பது பரவலான தவறான எண்ணம். 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவான இப்பதிவேடு, அடிப்படையில் ஒரு மதிப்பறிக்கை மட்டுமே. நடுவண் அரசு பணம் தரும் அல்லது உரிமம் வழங்கும் திட்டம் ஒன்று பதிவுபெற்ற இடத்தைப் பாதிக்குமாயின், அதை முன்கூட்டி ஆராய்ந்து கலந்தாய்வு நடத்தவேண்டும் என்பதே சட்டம் விதிக்கும் கடமை. ஆராய்ந்தபின் திட்டத்தைத் தொடரலாம். தனியார் உரிமையாளர் தம் சொந்தப் பணத்தில் தம் வீட்டை இடித்தால் அச்சட்டம் குறுக்கே வராது. வெஸ்டோவர் 1960இலும், ஷெர்வுட் ஃபாரஸ்ட் 1961இலும், ஷெர்லி 1970இலும், பெர்க்லி 1971இலும் பெற்ற "தேசிய வரலாற்றுச் சின்னம்" என்னும் உயர்தகுதிக்கும் இதுவே நிலை.

உண்மையில் கட்டுப்படுத்தும் வலிமை கொண்டது "ஈஸ்மென்ட்" என்னும் வசதியுரிமை ஒப்பந்தம். நிலத்தைக் கூறுபோட்டு விற்கும் உரிமை, வீட்டின் தோற்றத்தை மாற்றும் உரிமை போன்றவற்றை உரிமையாளர் தாமே முன்வந்து அரசமைப்பொன்றுக்கோ அறக்கட்டளைக்கோ நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறார். நிலம் அவருடையதாகவே இருக்கும், விற்கலாம், பயிரிடலாம். ஆனால் ஒப்பந்தம் பத்திரத்தோடு சேர்ந்து அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். விட்டுக்கொடுத்த மதிப்புக்கு ஈடாக வரிச்சலுகை கிடைக்கும். வர்ஜீனியா 1966இலேயே இதற்கு வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. புதுப்பிப்புச் செலவுக்கும் ஈடு உண்டு. வருவாய் தரும் வரலாற்றுக் கட்டடமாயின் தகுதியுள்ள செலவில் 20 விழுக்காட்டை நடுவண் வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1997 முதல் வர்ஜீனியா அளிக்கும் 25 விழுக்காட்டுச் சலுகை குடியிருக்கும் வீடுகளுக்கும் பொருந்தும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் உடையவர்க்கே வரிச்சலுகையால் பயன் என்பதையும் கவனிக்கவேண்டும். சிறு வீடும் பழைய தேவாலயமும் வைத்திருப்போருக்கு இது பெரிதாக உதவுவதில்லை.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் நீருடன் நடக்கும் போராட்டமே. பழைய செங்கல் மென்மையானது. ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருப்பதால் ஈரம் சாந்து வழியே வெளியேறும். காலப்போக்கில் சாந்து உதிர்ந்தால் மீண்டும் பூசலாம். 20ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் நல்லெண்ணத்தோடு சிமெண்டைப் பூசினர். கடினமான சிமெண்ட் ஈரத்தைத் தடுக்க, அது செங்கல்லுக்குள்ளேயே தங்கிக் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். சாந்து போனால் மாற்றலாம். 18ஆம் நூற்றாண்டுக் கல்லின் முகம் போனால் மாற்ற இயலாது. ஆகவே இன்றைய சீரமைப்பாளர்கள் பழைய சாந்தின் கலவையை ஆராய்ந்து அதற்கொத்த சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துகின்றனர்.

எஞ்சாதவை

1860இல் இக்கவுண்டியின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். ஷெர்வுட் ஃபாரஸ்டில் மட்டும் ஏறத்தாழ 70 பேர் அடிமைகளாக இருந்தனர். ஆனால் இன்று நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களைக் கொண்டு மட்டும் ஒருவர் இவ்வூரைக் கணித்தால், மக்களில் பெரும்பாலோர் மாளிகைவாசிகள் என்றே முடிவுசெய்வார். அடிமைகளின் குடில்கள் மரத்தால், பெரும்பாலும் அடித்தளமின்றி, மண்ணில் நட்ட கம்பங்களின் மீது கட்டப்பட்டவை. கம்பம் உளுத்தால் குடில் போயிற்று. விடுதலைக்குப் பின் அவற்றைப் பேண நிலவுடைமையாளருக்குத் தேவை இருக்கவில்லை. குடியிருந்தோருக்கு உரிமை இருக்கவில்லை.

இவ்வாழ்விடங்களைப் பற்றி அறிய மண்ணைத்தான் தோண்டவேண்டும். கம்பம் நின்ற இடத்தில் மண்ணின் நிறம் மாறியிருக்கும். அக்கறைகளை இணைத்துப் பார்த்தால் குடிலின் அளவு கிடைக்கும். வர்ஜீனியாவில் அகழப்பட்ட பல குடியிருப்புகளில் தரைக்கடியில் சிறு குழிகள் காணப்பட்டன. கிழங்கு சேமிக்கவும் சொந்தப் பொருள்களை மறைத்துவைக்கவும் அவை பயன்பட்டன எனக் கருதப்படுகிறது. பாசிமணி, உடைந்த பாண்டம், எலும்பு ஆகியவை அங்கு வாழ்ந்தோரின் உணவையும் வழக்கங்களையும் காட்டுகின்றன. நிலம் கட்டுமானத்துக்கு உள்ளாகாமல் இருந்தால்தான் இச்சான்றுகள் பிழைக்கும். அதனால் வீட்டைச் சுற்றிய வயலைக் காப்பது, வீட்டைக் காப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

நிலத்தின் மீதான நெருக்கடி

ரிச்மண்டுக்கும் வில்லியம்ஸ்பர்க்குக்கும் இடையிலான பெருவழி வடக்கே வேறொரு கவுண்டி வழியாகச் செல்வதால் சார்லஸ் சிட்டியில் வீட்டுமனைப் பெருக்கம் ஏற்படவில்லை. பழைய கட்டடங்களுக்கு இது நன்மை. கவுண்டியின் வருவாய்க்கு அன்று. பள்ளிகளுக்கும் பிற பணிகளுக்கும் பணம் வேண்டி, வெளியூர்க் கழிவுகளையும் ஏற்கும் பெரிய குப்பை நிரப்பிடம் ஒன்று 1990இல் இங்கு திறக்கப்பட்டது. பின்னர் இரண்டு இயற்கை எரிவாயு மின்னிலையங்கள் திட்டமிடப்பட்டு, உள்ளூர் மக்களில் ஒரு பகுதியினரின் எதிர்ப்புக்கும் முதலீட்டுச் சிக்கல்களுக்கும் இடையே ஒன்று 2021இலும் மற்றொன்று 2022இலும் கைவிடப்பட்டன. இத்தகைய திட்டங்கள் ஆற்றோர மாளிகைகளின் அருகே அமைவதில்லை. உட்பகுதியில், எளிய மக்களின் குடியிருப்புகளுக்கும் தேவாலயங்களுக்கும் அருகே வருபவை. பாதுகாப்பின் பயன் யாருக்கு, வளர்ச்சியின் சுமை யாருக்கு என்னும் வாதம் கவுண்டிக் கூட்டங்களில் எழுவது இதனால்தான்.

பார்வையிடல்

மாளிகைகளில் பெரும்பாலானவை மாநில நெடுஞ்சாலை 5ஐ ஒட்டி அமைந்துள்ளன. ரிச்மண்டிலிருந்து ஜேம்ஸ்டவுன் வரை செல்லும் சுமார் 83 கிலோமீட்டர் நீள மிதிவண்டிப் பாதை 2015இல் நிறைவடைந்தது. அதன் நடுப்பகுதி இக்கவுண்டி வழியே செல்கிறது. ஷெர்லியிலும் பெர்க்லியிலும் கட்டணம் செலுத்தி வீட்டினுள் சென்று பார்க்கலாம். வெஸ்டோவரில் பொதுவாகத் தோட்டமும் ஆற்றங்கரையும் மட்டுமே பார்வைக்குரியவை. வீட்டில் குடும்பத்தினர் வாழ்கின்றனர். வர்ஜீனியத் தோட்டக் கழகம் 1929 முதல் ஏப்ரலில் நடத்திவரும் தோட்ட வாரத்தின்போது, வழக்கமாக மூடியிருக்கும் தனியார் வீடுகள் சில ஆண்டுகளில் திறக்கப்படுவதுண்டு. நேரில் செல்ல இயலாதவர்கள், 1933இல் வேலையற்ற கட்டடக்கலைஞர்களுக்குப் பணி வழங்குவதற்காகத் தொடங்கப்பட்ட அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவீட்டுத் திட்டத்தின் வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தொகுப்பில் காணலாம். ஷெர்லியும் வெஸ்டோவரும் அதில் உள்ளன.